பழைய வண்டியில் இன்ஜெக்டர் ஒழுகுகிறதா? கண்டுபிடிப்பதிலிருந்து மாட்டி முடிப்பது வரை

பழைய பெட்ரோல் வண்டியில், எஞ்சினுக்குப் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் ஒழுகுகிறது என்றால், கோளாறு நான்கு இடங்களில் ஏதோ ஒன்றில் இருக்கும். முதலாவது, இன்ஜெக்டரின் மேல்முனை ஃபியூவல் ரெயிலுக்குள் (எல்லா இன்ஜெக்டருக்கும் பெட்ரோலைப் பங்கிடும் குழாய்) நுழையும் இடம். அங்குள்ள ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் காய்ந்து வெடித்துவிட்டால் பெட்ரோல் வெளியே கசியும். இரண்டாவது, இன்ஜெக்டரின் உடம்பு. பிளாஸ்டிக்கும் உலோகமும் சேரும் இடத்திலோ கனெக்டரின் அடியிலோ விரிசல் விடும். மூன்றாவது நுனி. உள்ளே இருக்கும் ஊசி தன் இருக்கையில் சரியாக உட்காராவிட்டால், வாஷர் தேய்ந்த தண்ணீர்க் குழாய் போலச் சொட்டிக்கொண்டே இருக்கும். நான்காவது, எஞ்சினுக்குக் காற்றைக் கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டில் உட்காரும் கீழ் சீல். இங்கே பெட்ரோல் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். ஐடிலிங் (வண்டி நிற்கும்போது எஞ்சின் சும்மா ஓடுவது) ஆடுவதைப் பார்த்து இதையும் பலர் "இன்ஜெக்டர் லீக்" என்றே சொல்லிவிடுகிறார்கள்.

இந்த நான்கில் எது என்று தெரியாமல் புது இன்ஜெக்டர் செட் வாங்குவது வீண். பழைய வண்டிகளில் பெரும்பாலும் ரப்பர்தான் முதலில் போகிறது, இன்ஜெக்டர் நன்றாகவே இருக்கும். அதனால் இந்த வேலையில் பாதி நேரத்தைக் கண்டுபிடிப்பதற்கே ஒதுக்குங்கள். மாட்டுவது எளிது.

இங்கே சொல்வதெல்லாம் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு இன்ஜெக்டர் இருந்து, அது இன்டேக் மேனிஃபோல்டில் பெட்ரோலைத் தெளிக்கும் வண்டிகளுக்கு. 1980களிலிருந்து 2000களின் நடுப்பகுதி வரை வந்த, இன்ஜெக்டர் வைத்த பெட்ரோல் கார்களில் பெரும்பாலானவை இந்த வகைதான். ரெயிலில் அழுத்தம் ஏறத்தாழ 2.5 முதல் 3.5 பார் வரை இருக்கும். காமன் ரெயில் டீசல் வண்டியில் இதே தைரியத்தில் கை வைக்காதீர்கள். அங்கே அழுத்தம் 1,000 பாருக்கு மேல் போகும். ஊசிமுனை அளவு ஓட்டையிலிருந்து பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், ஆனால் உடனே அறுவை சிகிச்சை தேவைப்படும் காயம் அது. எரிஅறைக்குள் நேரடியாகத் தெளிக்கும் பெட்ரோல் எஞ்சின்களும் வேறு கதை.

தீயைப் பற்றி முதலில்

பெட்ரோல் சுமார் மைனஸ் 40 டிகிரி செல்சியஸிலேயே தீப்பற்றும் அளவுக்கு ஆவியை விடும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. அதனால் தரையோடு தவழ்ந்து பள்ளங்களில் தேங்கும். வண்டி நிற்கும் இடத்தில் கேஸ் அடுப்பு, தண்ணீர் ஹீட்டர், வெல்டிங் எதுவும் கூடாது. கராஜுக்குள் செய்வதைவிட திறந்த வெளியில் செய்வது நல்லது. வெளிச்சத்துக்கு எல்இடி டார்ச் வையுங்கள். குண்டு பல்பு வைத்த கைவிளக்கு கீழே விழுந்து உடைந்தால் அதுவே தீக்குச்சி. பவுடர் அல்லது நுரை வகைத் தீயணைப்பான் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், தண்ணீர் வாளி உதவாது. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் நைட்ரைல் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள். எஞ்சின் முழுதாக ஆறியிருக்க வேண்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. பெட்ரோல் வெளியே கசிவது கண்ணுக்குத் தெரிந்துவிட்டால், "மெக்கானிக்கிடம் வரை ஓட்டிப் போய்விடலாம்" என்று கிளம்பாதீர்கள். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் பக்கத்திலேயே இருக்கிறது. கட்டி இழுத்துப் போங்கள்.

அறிகுறிகள் என்ன சொல்கின்றன

வண்டியை நிறுத்தியதும் பெட்ரோல் வாடை, ரெயிலைச் சுற்றி ஈரம் அல்லது தூசி ஒட்டிய கறை தெரிந்தால் மேல் ஓ-ரிங்கை சந்தேகப்படுங்கள். குளிர்ந்த காலையில் மட்டும் வாடை அடித்து, எஞ்சின் சூடானதும் மறைந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். இறுகிப்போன ரப்பர் குளிரில் சுருங்கி இடைவெளி விடும், சூட்டில் விரிந்து மூடிக்கொள்ளும்.

நுனி சொட்டினால் வெளியே எதுவும் தெரியாது, அதனால்தான் அது ஆபத்தானது. சூடான வண்டியை நிறுத்தி அரை மணி கழித்து எடுத்தால் நீண்ட நேரம் செல்ஃப் அடிக்க வேண்டியிருக்கும். பிடித்ததும் கறுப்புப் புகை ஒரு வீச்சு வரும், அப்புறம் தெளிந்துவிடும். மைலேஜ் குறையும். ஒரு ஸ்பார்க் பிளக் மட்டும் கறுத்திருக்கும். சொட்டிய பெட்ரோல் பிஸ்டன் ரிங் வழியாக இறங்கி ஆயிலில் கலக்கும். ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை இழுத்து மோந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தாலோ, ஊற்றாமலே ஆயில் அளவு ஏறியிருந்தாலோ வண்டியை ஓட்டுவதை நிறுத்துங்கள். நீர்த்த ஆயில் பேரிங்கைத் தின்றுவிடும். இன்ஜெக்டர் முழுதாகத் திறந்தே நின்றுவிட்டால் சிலிண்டர் பெட்ரோலால் நிரம்பிவிடும். திரவத்தை அழுத்த முடியாது. அந்த நிலையில் செல்ஃப் அடித்தால் கனெக்டிங் ராடு வளையும். செல்ஃப் "டக்" என்று நின்றுவிட்டால் மறுபடி மறுபடி அடித்துப் பார்க்காதீர்கள்.

ஐடிலிங் ஆட்டம், உஸ் என்ற சத்தம், ஆனால் பெட்ரோல் வாடையே இல்லை என்றால் கீழ் சீலை சந்தேகப்படுங்கள். எஞ்சின் ஓடும்போது இன்ஜெக்டரின் அடியில் தண்ணீரை மெல்லத் தெளியுங்கள். ஐடிலிங் மாறினால் அந்த இடம்தான். சிலர் இதற்குக் கார்புரேட்டர் கிளீனர் அடிக்கிறார்கள். அது தீப்பற்றும் பொருள். தண்ணீர் போதும்.

பிரஷர் கேஜ் வைத்துப் பிரித்தறிதல்

வெளியே ஈரம் இல்லை, ஆனால் சூடான ஸ்டார்ட் கஷ்டம் என்றால் இன்ஜெக்டரைக் குற்றம் சொல்வதற்கு முன் இன்னும் இரண்டு பேரை விசாரிக்க வேண்டும்: பிரஷர் ரெகுலேட்டர் (ரெயிலில் அழுத்தத்தைச் சீராக வைப்பது), பம்பின் செக் வால்வ் (பம்ப் நின்றதும் பெட்ரோல் பின்னோக்கி ஓடாமல் தடுப்பது). மூன்றும் ஒரே அறிகுறியைத்தான் காட்டும்.

முதலில் ரெகுலேட்டரின் வேக்கம் ஹோஸைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே பெட்ரோல் ஈரம் இருந்தால் அதன் டயஃப்ரம் கிழிந்துவிட்டது. வேலை அங்கேயே முடிந்தது, ரெகுலேட்டரை மாற்றினால் போதும். இந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது, ஆனால் இதைச் செய்யாமல் நான்கு இன்ஜெக்டரையும் மாற்றியவர்கள் நிறைய.

அடுத்து ரெயிலில் கேஜ் மாட்டுங்கள். பல வண்டிகளில் ரெயில் முனையில் டயர் வால்வ் போன்ற ஒரு வால்வ் இருக்கும். இல்லையென்றால் சப்ளை ஹோஸில் டி இணைப்பு வைத்து மாட்ட வேண்டும். எஞ்சினைச் சற்று ஓடவிட்டு அணைத்து, அழுத்தம் எப்படி இறங்குகிறது என்று பாருங்கள். நல்ல வண்டியில் முதலில் கொஞ்சம் இறங்கி, பிறகு அரை மணி நேரமாவது தாக்குப்பிடிக்கும். சில நிமிடங்களில் பூஜ்யத்துக்கு வந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது.

மறுபடி அழுத்தம் ஏற்றி, பம்ப் நின்றவுடன் மிச்சப் பெட்ரோலை டேங்குக்குத் திருப்பும் ரிட்டர்ன் ஹோஸை அதற்கான கிளாம்ப்பால் இறுக்குங்கள். இப்போது அழுத்தம் இறங்காமல் நின்றுவிட்டால் ரெகுலேட்டர் குற்றவாளி. நிற்கவில்லையென்றால் கிளாம்ப்பை எடுத்துவிட்டு, திரும்ப ஏற்றி, சப்ளை ஹோஸை இறுக்குங்கள். இப்போது நின்றால் பம்பின் செக் வால்வ். இரண்டையும் சேர்த்து இறுக்கியும் இறங்கினால்தான் இன்ஜெக்டர். கிளாம்ப்பை ரப்பர் ஹோஸில் மட்டும் போடுங்கள், பிளாஸ்டிக் குழாய் உடைந்துவிடும். வறண்டு வெடித்த ஹோஸும் இந்தச் சோதனையைத் தாங்காது. அப்படியிருந்தால் முதலில் ஹோஸை மாற்றுங்கள்.

1980களின் வண்டிகள் பலவற்றில் குளிர் ஸ்டார்ட்டுக்கென்று தனியாக ஒரு இன்ஜெக்டர் மேனிஃபோல்டின் நடுவில் இருக்கும். அதுவும் சொட்டும். அதை மறந்துவிட்டு மற்ற எல்லாவற்றையும் சுத்தம் செய்து, மாற்றி, அதே புகையோடு நிற்பது வழக்கமாக நடப்பதுதான்.

அழுத்தத்தை இறக்கிக் கழற்றுதல்

பெட்ரோல் டேங்க் மூடியைத் திறந்து வையுங்கள். பம்பின் ஃபியூஸையோ ரிலேயையோ பிடுங்கிவிட்டு எஞ்சினை ஸ்டார்ட் செய்யுங்கள். ரெயிலில் உள்ளது தீர்ந்ததும் தானாக நின்றுவிடும். இன்னும் சில விநாடி செல்ஃப் அடித்து மிச்சத்தையும் தீர்த்துவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். சிலிண்டரில் பெட்ரோல் நிரம்பியிருக்கிறதோ என்ற சந்தேகம் இருந்தால் இந்த வழி வேண்டாம். ஸ்டார்ட் செய்யாமல், துணி சுற்றிய இணைப்பை மெல்லத் தளர்த்தி இறக்குங்கள். எப்படி இறக்கினாலும் குழாயில் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். இணைப்பைத் திறக்கும்போது வேஸ்ட் துணி சுற்றிக்கொண்டே திறக்க வேண்டும்.

கழற்றுவதற்கு முன் சுத்தம் செய்யுங்கள். இன்ஜெக்டர் குழியைச் சுற்றி வருடக்கணக்கான மண் சேர்ந்திருக்கும். பிரஷ்ஷால் தளர்த்தி, காற்றடித்து வெளியே தள்ளுங்கள். இல்லையென்றால் இன்ஜெக்டரை உருவியவுடன் அந்த மண் நேராக வால்வ் மேல் விழும்.

கனெக்டர்களைக் கழற்றுமுன் ஒரு படம் எடுத்து வையுங்கள், எந்த வயர் எதற்கு என்று எழுதி ஒட்டுங்கள். பழைய கனெக்டர்களில் கம்பி கிளிப் இருக்கும். கூர்மையான கொக்கியால் நெம்பும்போது அது எகிறிப் பறந்துவிடும், ஒரு விரலை மேலே வைத்துக்கொண்டு எடுங்கள். பிளாஸ்டிக் மொறுமொறுவென்று இருந்தால் வயரைப் பிடித்து இழுக்கவே கூடாது.

ரெயில் போல்ட்டுகளை எடுத்ததும் ரெயிலை இரண்டு பக்கமும் சமமாக அசைத்து, இன்ஜெக்டர்களோடு சேர்த்தே தூக்குங்கள். வராவிட்டால் கீழ் சீலில் ஊடுருவும் எண்ணெய் விட்டு, இன்ஜெக்டரை இடமும் வலமும் மெல்லத் திருப்புங்கள். திருப்புளி வைத்து அதன் பிளாஸ்டிக் உடம்பை நெம்பினால், ஒழுகாத இன்ஜெக்டரையும் ஒழுகவைப்பீர்கள். ரெயிலுக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவே பிளாஸ்டிக் ஸ்பேசர்கள் இருந்தால் பத்திரப்படுத்துங்கள். திறந்த துவாரங்களை உடனே டேப்பாலோ சுத்தமான துணியாலோ மூடிவிடுங்கள்.

சொட்டுச் சோதனை

எந்த இன்ஜெக்டர் என்று அடித்துச் சொல்வது இந்தச் சோதனைதான். ரெயிலை வெளியே எடுத்த நிலையில், சப்ளை, ரிட்டர்ன் ஹோஸ்கள் மாட்டியபடியே, மறுபடி அழுத்தம் ஏற்றிப் பார்க்கப் போகிறோம். வேலையிலேயே மிக ஆபத்தான கட்டமும் இதுதான், எனவே முன்னேற்பாடு முக்கியம். இன்ஜெக்டர் கனெக்டர்களும் இக்னிஷன் காயில் கனெக்டரும் கழன்றே இருக்கட்டும். பல வண்டிகளில் இன்ஜெக்டரை ரெயிலோடு பிடிக்கும் கிளிப் கிடையாது. மேனிஃபோல்டுக்கும் ரெயிலுக்கும் நடுவே நசுங்கி நிற்பதால்தான் அது இடத்தில் இருக்கிறது. வெளியே எடுத்து அழுத்தம் ஏற்றினால் துப்பாக்கித் தோட்டா மாதிரி பாய்ந்து, பின்னாலேயே பெட்ரோல் பீறிடும். அதனால் ஒவ்வொன்றையும் ரெயிலோடு கம்பியால் இறுகக் கட்டுங்கள். மேல் ஓ-ரிங் ஏற்கனவே வெடித்திருந்தால் புது ஓ-ரிங் போட்ட பிறகே இந்தச் சோதனை.

ஒவ்வொரு நுனியின் கீழும் ஒரு சின்னக் கண்ணாடிக் கிண்ணமோ வெள்ளைக் காகிதமோ வையுங்கள். பேட்டரியை மாட்டி, ரிலேயைப் போட்டு, சாவியை ஆன் செய்தால் பம்ப் சுமார் 2 விநாடி ஓடி நிற்கும். இரண்டு மூன்று முறை செய்தால் முழு அழுத்தம் வந்துவிடும். மிகப் பழைய வண்டிகள் சிலவற்றில் எஞ்சின் சுற்றினால்தான் பம்ப் ஓடும். அங்கே ரிலே சாக்கெட்டில் 30, 87 முனைகளை ஃபியூஸ் உள்ள வயரால் இணைக்க வேண்டும்.

நிமிடத்துக்கு 1 சொட்டுக்கு மேல் விழக்கூடாது என்பது பழைய சர்வீஸ் மேனுவல்கள் பலவற்றில் உள்ள அளவு. என்னைக் கேட்டால், பத்து நிமிடம் விட்டுப் பார்த்தும் நுனி உலர்ந்திருக்கும் இன்ஜெக்டரைத்தான் நல்லது என்பேன். கண்ணாடி போட்டு, தள்ளி நின்று பாருங்கள்.

கனெக்டர் கழன்றிருந்தும் சொட்டினால் கோளாறு இன்ஜெக்டருக்குள். இப்போது சொட்டவே இல்லை, ஆனால் வண்டியில் அந்த சிலிண்டர் மட்டும் பெட்ரோலில் மூழ்குகிறது என்றால், வயரைப் பாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் இன்ஜெக்டரின் ஒரு முனைக்கு எப்போதும் பாசிட்டிவ் வரும். மற்ற முனையை ஈசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) எர்த் செய்தால் திறக்கும். அந்த வயர் எங்காவது உரசி பாடியில் பட்டுவிட்டால் இன்ஜெக்டர் மூடவே மூடாது. எத்தனை புது இன்ஜெக்டர் போட்டாலும் இது தீராது.

மல்டிமீட்டரால் இன்ஜெக்டருக்குள் இருக்கும் காயிலையும் அளந்துவிடுங்கள். அதிக மின்தடை வகை என்றால் சுமார் 12 முதல் 16 ஓம், குறைந்த வகை என்றால் 2 முதல் 3 ஓம். எல்லாம் ஒன்றுக்கொன்று நெருங்கி இருக்க வேண்டும்.

சுத்தம் செய்வதா, மாற்றுவதா

மேல் ஓ-ரிங் மட்டும்தான் என்றால் இந்தப் பகுதியே தேவையில்லை, அடுத்ததற்குப் போங்கள். உடம்பில் விரிசல் என்றால் ஒட்டுப் போடும் பேச்சே வேண்டாம். எபாக்ஸி எதுவும் அங்கே நம்பிக்கையாக நிற்காது, மாற்றித்தான் ஆக வேண்டும்.

நுனி சொட்டுவதில் மட்டும்தான் யோசிக்க இடமிருக்கிறது. ஊசியின் இருக்கையில் பிசின் படிந்திருந்தால் அல்ட்ராசோனிக் தொட்டியில் போட்டு, மின்சாரத்தால் திறந்து மூடவிட்டு, எதிர்த்திசையிலும் திரவத்தைச் செலுத்திக் கழுவினால் சரியாகிவிடும். டெஸ்ட் பெஞ்ச் உள்ள இடத்தில் கொடுத்து, கழுவுவதற்கு முன்னும் பின்னும் சொட்டு, அளவு, தெளிப்பு மூன்றையும் எழுதி வாங்குங்கள். அந்த அறிக்கையைத் தர மறுக்கும் இடம் வேண்டாம். நீண்ட நாள் நின்றுபோன வண்டியில் தண்ணீர் கலந்த பெட்ரோலால் ஊசி துருப்பிடித்திருக்கும். அது கழுவினாலும் தேறாது. டேங்கில் ஊற்றும் கிளீனர் பாட்டில் லேசான படிவுக்கு உதவலாம், ஆனால் தேய்ந்த இருக்கைக்கோ செத்த ரப்பருக்கோ அது எதுவும் செய்யாது. நுனித் துளைக்குள் ஊசியோ கம்பியோ விட்டுக் குத்துவது இன்ஜெக்டரைக் கொல்வதற்குச் சமம்.

புதிது வாங்கினால் கனெக்டர் பொருந்துகிறதே என்று நின்றுவிடாதீர்கள். மின்தடை, நிமிடத்துக்கு எத்தனை சிசி என்ற அளவு, தெளிப்பின் வடிவம், ஓ-ரிங் விட்டம், நீளம் எல்லாம் ஒத்துப்போக வேண்டும். குறைந்த தடை இன்ஜெக்டரை அதிக தடைக்கான ஈசியூவில் மாட்டினால் ஈசியூவே எரிந்துபோகலாம். பழைய எஞ்சினில் ஒன்றை மட்டும் புதிதாகப் போட்டால் மற்ற மூன்றோடு அளவு சேராமல் ஐடிலிங் ஆடும். ஒன்று போயிருந்தால் மற்றவற்றையும் பெஞ்சில் அளந்து, அவற்றோடு ஒத்துப்போகும் ஒன்றைத் தேடுங்கள், அல்லது செட்டாகவே மாற்றுங்கள்.

ஓ-ரிங்கும் ஹோஸும்

கழற்றிய ஓ-ரிங்கைத் திரும்பப் போடக் கூடாது, பார்க்க நன்றாக இருந்தாலும் சரி. நசுங்கிய பழையதை அளந்து அதே அளவில் புதிது வாங்குவதும் தவறாகப் போகும். இன்ஜெக்டரின் பாக எண்ணைக் கொண்டு வாங்குங்கள். எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு விட்டான் வகை ரப்பர் நல்லது. பச்சை, பழுப்பு என்ற நிறத்தை வைத்து ரப்பர் வகையைத் தீர்மானிக்க முடியாது. தண்ணீர்க் குழாய்க்கான ஓ-ரிங் பெட்ரோலில் ஊறி வீங்கிவிடும். மேல் ஓ-ரிங்கும் கீழ் ஓ-ரிங்கும் பல இன்ஜெக்டர்களில் வெவ்வேறு. மாற்றிப் போட்டுவிடாதீர்கள்.

மேல்முனைக்குள் சின்ன வடிகட்டிக் கூடை ஒன்று உண்டு. மர ஸ்க்ரூ ஒன்றைக் கொஞ்சமாகத் திருகி நேராக இழுத்தால் வந்துவிடும், புதியதை நேராக அழுத்தி உட்கார வையுங்கள்.

ரெயிலின் குழிகளையும் துடைத்துப் பாருங்கள். உள்சுவரில் துருப்பள்ளம் இருந்தால் புது ஓ-ரிங்கும் அங்கே ஒழுகும். லேசான கறையை மிக மெல்லிய உப்புத்தாளால் தேய்க்கலாம். பள்ளம் என்றால் ரெயிலை மாற்றத்தான் வேண்டும்.

சில பழைய வகைகளில் ஓ-ரிங்குக்குப் பதிலாக ஒரு சாண் நீளம்கூட இல்லாத ரப்பர் ஹோஸ் இன்ஜெக்டர் தலையில் அழுத்தி வைக்கப்பட்டிருக்கும். எஞ்சின் தீப்பிடிப்பதற்குப் பேர்போன இடம் இது. ஹோஸை நீளவாக்கில் பிளேடால் கீறி எடுங்கள். அடியிலுள்ள உலோக மேடுகளில் பிளேடு பட்டுக் கீறல் விழுந்தால் அதுவே கசிவுக்கு வழி. புது ஹோஸில் எஸ்ஏஇ ஜே30 ஆர்9 என்ற குறி இருக்க வேண்டும். கார்புரேட்டர் வண்டிக்கான சாதா ஹோஸ் இந்த அழுத்தத்துக்கு ஆனதல்ல. கிளாம்ப் போடுவதென்றால் ஓரம் மடித்த, ஹோஸை வெட்டாத வகையாகப் பாருங்கள்.

திரும்ப மாட்டுதல்

ஓ-ரிங்குகளில் சுத்தமான எஞ்சின் ஆயிலை லேசாகத் தடவுங்கள். சிலிக்கான் சீலன்ட் வேண்டவே வேண்டாம். அது நுனியை அடைக்கும், ஆக்ஸிஜன் சென்சாரையும் கெடுக்கும். இன்ஜெக்டரை ரெயிலுக்குள் நேராக வைத்து, இடமும் வலமும் திருப்பியபடி அழுத்துங்கள். ஒரு பக்கமாகத் தள்ளினால் ஓ-ரிங் மடிந்து வெட்டுப்படும். எல்லாவற்றையும் ரெயிலில் ஏற்றிய பிறகு மேனிஃபோல்டில் சமமாக இறக்குங்கள்.

போல்ட்டுகளைக் கையால் முடுக்கியதும் ஒவ்வொரு இன்ஜெக்டரையும் விரலால் திருப்பிப் பாருங்கள். வழுவழுவென்று திரும்ப வேண்டும். ஒன்று மட்டும் இறுகிப் பிடித்தால் அதன் ஓ-ரிங் மடிந்திருக்கிறது. கழற்றிப் பாருங்கள், அந்த ஓ-ரிங்கையும் மாற்றிவிடுங்கள். சரியாக இருந்தால் மேனுவலில் சொன்ன டார்க்குக்கு (முறுக்கு விசைக்கு) இறுக்குங்கள். அலுமினியத்தில் இறங்கும் சின்ன போல்ட்டுகள் இவை, வேகத்தில் இறுக்கினால் மறை போய்விடும்.

இக்னிஷன் காயில் இன்னும் கழன்றே இருக்கட்டும். சாவியை மூன்று நான்கு முறை ஆன் செய்து அழுத்தம் ஏற்றி, ஒவ்வொரு இணைப்பின் அடியிலும் உலர்ந்த டிஷ்யூ காகிதத்தைத் தொட்டுப் பாருங்கள். ஒரு புள்ளி ஈரம் பட்டாலும் ஸ்டார்ட் செய்யக் கூடாது. எல்லாம் உலர்ந்திருந்தால்தான் காயிலை மாட்டி எஞ்சினை ஸ்டார்ட் செய்ய வேண்டும். ஐடிலிங்கில் ஒருமுறை, நன்றாகச் சூடான பிறகு ஒருமுறை, அடுத்த நாள் குளிர்ந்த ஸ்டார்ட்டில் ஒருமுறை என்று திரும்பவும் பாருங்கள்.

நுனி சொட்டிக்கொண்டிருந்த வண்டி என்றால் ஆயிலையும் ஃபில்டரையும் ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே மாற்றிவிடுங்கள். கறுத்த பிளக்கைச் சுத்தம் செய்யவோ மாற்றவோ செய்யலாம். ஈசியூ பழைய ஒழுகலுக்கு ஏற்ப பெட்ரோலைக் குறைத்துப் பழகியிருக்கும் என்பதால் முதல் சில பயணங்களில் பிக்கப் சற்று மந்தமாக இருக்கலாம். பேட்டரியை ஏற்கனவே கழற்றி வைத்ததால் பல வண்டிகளில் அந்த நினைவு அழிந்திருக்கும், மற்றவை ஓட ஓடத் தானே திருத்திக்கொள்ளும்.

கேஜை உடனே கழற்றிவிடாதீர்கள். எஞ்சினை அணைத்தவுடன் எத்தனை பார், அரை மணி கழித்து எத்தனை பார் என்று சர்வீஸ் புத்தகத்தில் எழுதி வையுங்கள். பின்னாளில் சூடான ஸ்டார்ட் மறுபடி தகராறு செய்தால், எதையும் கழற்றாமல் அந்த எண்ணோடு ஒப்பிட்டே எங்கே தேடுவது என்று தெரிந்துவிடும்.